பப்படப்பூனை என்றொரு பாஸ்வேர்டு

எங்கள் அலுவலகத்தில் எதையும் ஒருமுறை சொன்னால் போதாது. கீழே கிடங்கில் ஒருவர் மூட்டை எண்ணைக் கூவுவார். மாடியில் பதிவேட்டின் முன் இருப்பவர் அதையே திருப்பிக் கூவுவார். கீழேயிருந்து "சரி" என்று வந்த பிறகுதான் பேனா காகிதத்தைத் தொடும். மட்டாஞ்சேரி பஜார் சாலையில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற பழைய கம்பெனி அது. ஓர் எண் மாறி வேறு மூட்டை கப்பல் ஏறிவிட்டால் யாரும் போய்த் திருப்பிக் கொண்டுவர முடியாது என்பதால், எந்தக் காலத்திலோ யாரோ ஏற்படுத்திய வழக்கம். எழுபதுகளின் நடுவில் கம்பிவழியே செய்தியைத் தட்டி அனுப்பும் டெலக்ஸ் இயந்திரத்தை இயக்க நான் அங்கே சேர்ந்தபோது எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்: கேட்டதைத் திருப்பிச் சொல், உரக்கச் சொல். அது எனக்குள் எவ்வளவு ஊறிப்போனது என்றால், கல்யாணமான புதிதில் கணவர் "சாயா வேணும்" என்றால் நானும் "சாயா வேணும்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, அவர் "சரி" சொல்வதற்காகக் காத்து நிற்பேன்.

அப்படிப்பட்ட இடத்துக்கு, எண்பதுகளின் பிற்பாதியில், பிறர் காதில் விழக்கூடாத, பிறர் கண்ணில் படக்கூடாத ஒன்றைக் கேட்கும் இயந்திரம் வந்து சேர்ந்தது. அதனால் ஒரு நாள் என் மகள் என் கையைவிட்டுப் போனாள். போனது ஒரு மணி நேரத்துக்குத்தான். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதை நினைத்தால் முதலில் சிரிப்பு வருகிறது, பிறகு எழுந்துபோய் மகள் இருக்கிறாளா என்று பார்க்கிறேன், பிறகு மறுபடி சிரிப்பு வருகிறது.

கம்ப்யூட்டர் என்றால் கண்ணாடி அறைக்குள் ஒரு பெட்டி, அதிலிருந்து கம்பி ஓடி நான்கு திரைகள். ஒன்று என் மேசையில். ஒன்று தலைமை குமாஸ்தாவின் மேசையில். ஒன்று கப்பல் பிரிவில். நான்காவது கீழே, கிடங்கை ஒட்டிய சாம்பிள் அறையில். அந்த அறையில் இருந்தவர் கூரான இரும்புக் குழாயை மூட்டையில் குத்தி ஒரு பிடி மிளகை எடுத்து, ஈரம் எவ்வளவு, தூசி எவ்வளவு என்று பார்த்துத் தரம் சொல்பவர். மூட்டை விவரமெல்லாம் இனிப் பெட்டிக்குள் இருக்கும் டேட்டாபேஸில் என்றார்கள். படம் கிடையாது, பட்டன் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஒரு கட்டளையைத் தட்டவேண்டும். உடனே அது 'யூசர் நேம்' என்று கேட்கும். பெயரைக் கொடுத்தால் 'பாஸ்வேர்டு' என்று கேட்கும். டெலக்ஸ் தெரிந்தவள் என்பதால் இதற்கெல்லாம் நானே பொறுப்பு என்று முடிவாயிற்று.

எனக்கு அந்தக் கேள்வி பார்த்தவுடன் பிடித்துப்போனது. டெலக்ஸில் ஒரு விசை உண்டு. அதை அழுத்தினால் மறுமுனை இயந்திரத்திடம் 'நீ யார்' என்று கேட்பதாக அர்த்தம். அங்கே ஆளே இல்லாவிட்டாலும் அந்த இயந்திரம் தன் அடையாள எழுத்துகளைத் தானே தட்டி அனுப்பும். அது வந்த பிறகுதான் நான் செய்தியைத் தொடங்குவேன். பாதிச் செய்தியில் இன்னொரு முறை கேட்பேன், முடிவில் ஒரு முறை கேட்பேன். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்காகவே செய்த விசை அது. இப்போது வந்திருப்பதோ அதையும்விட ஒரு படி மேலே. நீ யார் என்று கேட்டு, சொன்ன பிறகும் நம்பாமல், அதற்கு என்ன சாட்சி என்று கேட்கிறது. இத்தனை நாள் என்னைப்போல் சந்தேகப்படும் ஒரு பிறவியை நான் பார்த்ததில்லை.

தலைமை குமாஸ்தாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் எங்கள் வீட்டைப்போலவே பல தலைமுறைகளாகக் கொச்சியில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்துக்காரர். யூசர் நேம் தட்டினார், எழுத்துகள் திரையில் வந்தன, திருப்தி. பாஸ்வேர்டு தட்டினார், ஒன்றும் வரவில்லை. புள்ளிகூட வரவில்லை. இன்னும் அழுத்தித் தட்டினார். விசைப்பலகையைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு மிளகு விழுந்தது.

"இது செத்துப்போச்சாக்கும்," என்றார்.

"சாகல சார். யாரும் பார்த்துடக்கூடாதுன்னு அது காட்டாது. நீங்க தட்டுறது உள்ளே போயிட்டுதான் இருக்கு."

"கண்ணுக்குத் தெரியாததை எப்படிம்மா திருப்பிச் சொல்றது?"

"திருப்பிச் சொல்லக்கூடாது சார். அதுதான் விஷயம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டினார். எதிர்மேசையில் இருந்த கப்பல் பிரிவுக்காரர், முப்பது வருஷப் பழக்கம், தலையைத் தூக்காமலே ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிச் சொன்னார். கடைசி எழுத்து முடிந்ததும் தலைமை குமாஸ்தா "சரி" என்றார். திரை திறந்தது. முதல் வாரம் முடிவதற்குள் எங்கள் எல்லோருடைய பாஸ்வேர்டும் கிடங்குப் படித்துறையில் கட்டியிருந்த வள்ளக்காரர்களுக்கு மனப்பாடம்.

பெட்டியை நிறுவ எர்ணாகுளத்திலிருந்து படகில் வந்துபோன இன்ஜினியர் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். என்னைத் தனியே கூப்பிட்டு விளக்கினார். அது கேட்கும்வரை காத்திருங்கள், கேட்டால் மட்டும் சொல்லுங்கள். பெயர் தப்பா, பாஸ்வேர்டு தப்பா என்று அது சொல்லாது, இரண்டில் ஏதோ ஒன்று தப்பு என்று மட்டும்தான் சொல்லும். எது என்று சொன்னால் திருடனுக்குப் பாதி வேலை மிச்சம். மூன்று முறை தப்பினால் வெளியே தள்ளிவிடும். கடைசியாக ஒன்று: கட்டளையைத் தட்டும்போதே அதே வரியில் பெயரையும் பக்கத்தில் சாய்கோடு போட்டுப் பாஸ்வேர்டையும் எழுதிவிட்டால் அது ஒன்றுமே கேட்காமல் திறக்கும். "அப்படி எழுதலாம் மேடம். பக்ஷே எழுதாதீங்க."

"ஏன்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படகுக்கு நேரமாகிவிட்டது. "அது வேற கதை. அடுத்த தடவை சொல்றேன்," என்று படித்துறையைப் பார்த்து ஓடினார். அடுத்த தடவை நான் கேட்க மறந்தேன்.

எழுதாதீர்கள் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனேன். எனக்கு முப்பது தாண்டித்தான் குழந்தை பிறந்தாள். ஒரே மகள், அப்போது எட்டு வயது. பத்திரிகையில் 'காணவில்லை' என்று கட்டம் கட்டிப் போடும் சிறு செய்திகளைத் தினமும் இரண்டு முறை வாசிப்பவள் நான். கணவருக்கு ஆலுவாவில் தொழிற்சாலை வேலை, மாறி மாறி வரும் ஷிப்டு. பள்ளிக்கூடம் பள்ளுருத்திப் பக்கம். பஸ்ஸில் போய் வருகிறாள். யாராவது வந்து 'அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க' என்று சொன்னால் இவள் சிரித்துக்கொண்டே பின்னால் போய்விடுவாள், எல்லாரிடமும் சிரிக்கிற குழந்தை. அதனால் வீட்டிலும் பாஸ்வேர்டு வைத்தோம். யார் வந்து கூப்பிட்டாலும் நீதான் கேட்கணும், அவங்கதான் சொல்லணும். நீயா சொல்லிடக்கூடாது. காதில்தான் சொல்லணும். மூணு தடவைக்கு மேலே கிடையாது. அதுக்கப்புறம் சத்தம்போட்டு டீச்சரைக் கூப்பிடு.

சொல்லை அவளே தேர்ந்தெடுத்தாள். அடுத்த வீட்டுப் பூனை ஒன்று எங்கள் அடுக்களைக்குள் வந்து மீனைத் தொடாது, பாலைத் தொடாது, பொரித்து வைத்த பப்படத்தை மட்டும் வாயில் கவ்விக்கொண்டு, நொறுங்கிவிடுமோ என்ற கவலையோடு மெல்ல நடந்துபோகும். அதனால் பப்படப்பூனை. உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாத சொல். என்னையும் கணவரையும் மகளையும் தவிர யாருக்கும் தெரியாது.

முதலில் மாட்டியவர் கணவர். இரவு ஷிப்டு முடிந்து காலையில் வந்து கதவைத் தட்டினார்.

"யூசர் நேம்?" என்றாள் மகள் உள்ளேயிருந்து.

"அப்பா."

"பாஸ்வேர்டு?"

"பப்படம்."

"தெற்று." எங்கள் வீட்டில் தப்புக்கு அந்த மலையாளச் சொல்தான்.

"பூனை... பூனைப்பப்படம்."

"தெற்று."

"எது தெற்று? ரெண்டும் இருக்கே."

"எதுன்னு சொல்லமாட்டேன். சொன்னா திருடனுக்குப் பாதி வேலை மிச்சம். இன்னும் ஒரு தடவைதான் இருக்கு."

நான் அடுக்களையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது தடவை சரியாகச் சொல்லி உள்ளே வந்தவர், "இதுக்கு ஆலுவாவிலேயே தூங்கியிருக்கலாம்," என்றார். எனக்கானால் பெருமை தாங்கவில்லை. கம்பெனி இயந்திரத்தைவிட என் மகள் கறாராக இருந்தாள்.

அலுவலகத்தில்தான் கறார் செல்லவில்லை. தினமும் காலையில் யாராவது ஒருவர் மூன்று முறை தப்புவார், வெளியே தள்ளப்படுவார், என்னைக் கூப்பிடுவார். இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு கெட்டிக்காரத்தனம் ஒன்று செய்தேன். என் பெயரையும் ஒரு பாஸ்வேர்டையும் கட்டளையோடு ஒரே வரியில் எழுதி, அந்த வரியை ஒரு சின்னக் கோப்பில் போட்டேன். யாரும் ஒன்றும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம், 'எம்' என்ற ஒரே எழுத்தைத் தட்டினால் போதும். கோப்பு உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொள்ளும். யாராலும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டு வேண்டுமே என்று யோசித்தேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உலகத்தில் மூன்றே பேருக்குத் தெரிந்த சொல் ஒன்று என்னிடம் தயாராக இருந்தது. இன்னொன்று வைத்தால் எனக்கு மறந்துவிடும் என்ற பயமும் இருந்தது. எனக்கு எப்போதும் இப்படித்தான். ஒரு பயம் இன்னொரு பயத்தைத் தின்றுவிடும்.

தலைமை குமாஸ்தா அன்று எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். "இப்பத்தான் இது மனுஷனுக்கு ஆன மிஷின்," என்றார்.

ஒரே தொல்லை, திரை அவ்வப்போது உறைந்துபோகும். அதற்கும் வழி சொல்லிக்கொடுத்தேன். முக்கியமாகச் சாம்பிள் அறைக்காரருக்கு, அவர் திரைதான் அதிகம் உறையும். இரண்டே எழுத்துள்ள ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டினால் அந்த நிமிஷம் நான்கு திரைகளிலும் யார் யார் எந்த வேலையை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்ற பட்டியல் வரும். இடப்பக்கம் ஒரு எண் இருக்கும். உறைந்த வேலையின் எண்ணை இன்டர்காமில் எனக்குச் சொல்லுங்கள், நான் அதை நிறுத்திவிடுகிறேன். அவர் எண்ணைச் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன், அவர் "சரி" என்பார். நானும் என் திரையில் இடப்பக்க எண்ணைத்தான் பார்ப்பேன். வலப்பக்கம் நீளமாக என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. நானே எழுதிய கோப்புதானே.

அந்த வெள்ளிக்கிழமை நான் எர்ணாகுளத்தில் இருந்தேன். வாரக் கடைசியில் டேட்டாபேஸின் நகலை ஒரு காந்த நாடாவில் எடுத்து அங்கிருக்கும் தலைமை அலுவலகத்தில் கொண்டுபோய் வைக்கவேண்டும், பழைய நாடாவைத் திரும்ப வாங்கி வரவேண்டும். வாங்கிக்கொண்டு மத்தியானம் படகுத்துறைக்கு வந்தால் படகுகள் கரையில் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மின்னல் வேலைநிறுத்தம். முன்னறிவிப்பு இல்லாமல் படகும் பஸ்ஸும் நின்றுவிட்டன. எதற்கு என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை.

பஸ் இல்லை என்றால் மகள் பள்ளுருத்தியில் மாட்டிக்கொண்டாள் என்று அர்த்தம். கணவர் ஆலுவாவில், அவராலும் வரமுடியாது. ஒரு கடையில் கெஞ்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எங்கள் அலுவலகத்துக்குச் செய்தேன், எங்கேஜ்டு. மறுபடி செய்தேன், எங்கேஜ்டு. நடக்கத் தொடங்கினேன்.

தேவராவில் ஓர் ஐஸ் லாரி நிறுத்தி ஏற்றிக்கொண்டது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பனிக்கட்டி கொண்டுபோகிற லாரி. ஐஸ் உருகித் தண்ணீர் பின்னால் கோடுபோட்டுக்கொண்டே வந்தது. நாடா வைத்த டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து டிரைவர், "சேச்சி, சோறு கொட்டாது, விடுங்க," என்றார். எனக்கு அப்போது பயம் அவ்வளவாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். நடுவிலிருக்கும் துறைமுகத் தீவைத் தாண்டித் தோப்பும்படிப் பாலம் ஏறும்போது மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். யார் வந்து கூப்பிட்டாலும் போகமாட்டாள். கலெக்டரே வந்தாலும் மூன்று தடவை தெற்று என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள். பள்ளிக்கூடப் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருப்பாள்.

படியில் யாரும் இல்லை. வகுப்புகள் பூட்டியிருந்தன. பின்பக்கம் கிணற்றடியில் பெருக்குகிற ஆயா மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"உங்க குட்டியா? போயாச்சே. ஒரு ஆள் சைக்கிளில் வந்தான். நான் இங்கேயிருந்து பார்த்தேன். குட்டி லேசில் போகலை. கேட்டுக்குள்ளேயே நின்னு என்னவோ கேட்டா. அவன் குனிஞ்சு காதில் என்னவோ சொன்னான். தலையை ஆட்டினா. இன்னும் ஒரு தடவை சொன்னான். அதுக்கும் தலையை ஆட்டினா. மூணாவது தடவை சொன்னதும் குட்டி சிரிச்சுட்டா. பையைத் தூக்கிட்டுத் தானே சைக்கிளில் ஏறிட்டா."

"எப்படிப்பட்ட ஆள்?"

"ஆள் மாதிரி ஒரு ஆள். சட்டை போட்டிருந்தான்."

கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை சொன்னதும் சிரித்தாள் என்றால் சரியாகச் சொல்லியிருக்கிறான். அந்தச் சொல் மூன்று பேருக்குத்தான் தெரியும். நான் இங்கே நிற்கிறேன். கணவர் ஆலுவாவில் இருக்கிறார். அப்படியென்றால் அவள் யாரிடமோ ஏமாந்து சொல்லியிருக்கவேண்டும், இல்லையென்றால் யாரோ எங்கள் வாசலில் நின்று ஒட்டுக்கேட்டிருக்கவேண்டும். சொல் இல்லாமல் வந்திருந்தால் அவள் கத்தியிருப்பாள், ஊர் கூடியிருக்கும். சொல் இருந்ததால் சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டு போயிருக்கிறாள். சொல் சரியென்றால் கத்தவேண்டாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

பள்ளுருத்தியிலிருந்து மட்டாஞ்சேரிவரை எப்படி வந்தேன் என்று சரியாக நினைவில்லை. செருப்பு ஒன்று அறுந்தது. நாடா டப்பா மட்டும் கையில் இருந்தது. வீடு பூட்டியபடியே இருந்தது. பப்படப்பூனை வாசல்படியில் படுத்திருந்தது. அதனிடம்கூட "பார்த்தியா" என்று கேட்டேன். போலீஸுக்குப் போகவேண்டும், அதற்குமுன் யாரையாவது கூட வரச்சொல்ல வேண்டும் என்று அலுவலகத்தை நோக்கி ஓடினேன்.

கிடங்குக்குள் நுழையும்போதே குரல் கேட்டது.

"முந்நூற்றுப் பதினேழு."

மாடியிலிருந்து தலைமை குமாஸ்தா: "முந்நூற்றுப் பதினேழு."

"சரி," என்றது கீழேயிருந்த குரல். எட்டு வயதுக் குரல்.

சாம்பிள் அறையில் திரைக்கு முன்னால், உயரம் போதாததற்கு நாற்காலிமேல் சாக்கு மடித்துப்போட்டு, அதன்மேல் என் மகள் உட்கார்ந்திருந்தாள். சாம்பிள் அறைக்காரர் மூட்டையில் குத்தி எடுத்துக் கொடுக்க, இவள் எண்ணைக் கூவித் தட்டிக்கொண்டிருந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. மிளகுத்தூசியில் தும்மித் தும்மிச் சிவந்தது. அதைத் தவிர அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நான் வாசலில் நிற்பதைப் பார்த்துத் திரும்பினாள்.

"யூசர் நேம்?"

"அம்மா," என்றேன். அது எப்படியோ வந்துவிட்டது.

"பாஸ்வேர்டு?"

வாயைத் திறந்தேன். ஓடி வந்த இரைப்பில் சொல் வரவில்லை. அவள் காதை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். என் சத்தம் கேட்டு மாடிப்படியில் இறங்கி வந்திருந்த தலைமை குமாஸ்தாவும் கப்பல் பிரிவுக்காரரும் நான் தவிப்பதைப் பார்த்து, பாவம், உதவி செய்தார்கள். இருவரும் ஒரே குரலில் உரக்கச் சொன்னார்கள்:

"பப்படப்பூனை."

சாம்பிள் அறைக்காரர் கையிலிருந்த மிளகைத் தட்டில் போட்டுவிட்டு, "சரி," என்றார்.

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் சுக்கு மூட்டை இருந்ததால் அதன்மேல். மகள் இறங்கி வந்து என் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். நான் அழுதேனா சிரித்தேனா என்று இன்றைக்கும் அங்கே இரண்டு கட்சி இருக்கிறது.

தண்ணீர் குடித்த பிறகு கதை வெளியே வந்தது. பஸ் நின்றதும் வகுப்பு டீச்சர் அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறார். எடுத்தவர் சாம்பிள் அறைக்காரர். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். போடிநாயக்கனூரில் சில வருஷம் ஏலக்காய்த் தரம் பார்த்தவர், தமிழ் பேசுவார், அதில் மலையாளம் தானாக வந்து கலந்துகொள்ளும்.

"மோள் என்னை உள்ளே விடலை சேச்சி. பாஸ்வேர்டு சொல்லுன்னா. எனக்கு எந்தா அறியும்? முதல்ல மிளகுன்னேன். தெற்று. மோளோட பேரைச் சொன்னேன். தெற்று. அப்புறம் ஆலோசிச்சேன். சேச்சிக்கு ஒரே ஒரு பாஸ்வேர்டுதானே. தினமும் பார்க்கறதுதானே."

"தினமும் எங்கே பார்க்கறீங்க?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, திரைப்பக்கம் திரும்பி, நான் சொல்லிக்கொடுத்த அந்த இரண்டெழுத்தைத் தட்டினார். பட்டியல் வந்தது. இடப்பக்கம் எண்கள். வலப்பக்கம், ஒவ்வொரு திரையிலும் ஓடிக்கொண்டிருந்த கட்டளை முழுதாக, தட்டியது தட்டியபடி: கட்டளைச் சொல், என் பெயர், சாய்கோடு, பப்படப்பூனை. நான்கு திரைகள், நான்கு வரிகள், நான்கு பூனைகள்.

'எம்' என்று ஓரெழுத்தைத் தட்டினாலும் உள்ளே ஓடுவது அந்த முழு வரிதான். யார் பட்டியல் கேட்டாலும் முழு வரியையும் காட்டுகிறது. இன்ஜினியர் படகுக்காக ஓடியதால் சொல்லாமல் போன கதை இதுதான் என்று அப்போது புரிந்தது. அது கேட்டு நாம் சொன்னால் யார் கண்ணிலும் படாது. கேட்கும்முன் நாமே முந்திக்கொண்டு சொன்னால் ஊருக்கே தெரியும்.

"எத்தனை நாளா தெரியும்?" என்றேன்.

"நாலு மாசம்."

"என்கிட்ட சொல்லக்கூடாதா?"

இதற்குப் பதில் தலைமை குமாஸ்தாவிடமிருந்து வந்தது. "சொன்னா நீ மாத்திடுவே. அப்புறம் நாங்க புதுசு ஒண்ணு படிக்கணும். பூனைன்னா ஞாபகம் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். சிரித்துக்கொண்டே மகளின் கையை விடாமல் பிடித்திருந்தேன். நல்ல மனுஷர் ஒருவர் அந்த வரியைப் படித்தார், வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய் என் குழந்தையைப் பத்திரமாகக் கொண்டுவந்தார். அவருக்கு நான் பட்ட கடன் தீராது. ஆனால் அந்த அறைக்குள் நாலு மாதத்தில் எத்தனை பேர் வந்துபோயிருப்பார்கள். தரகர்கள், லாரிக்காரர்கள், சாயா கொண்டுவருபவர்கள், மிளகு வாங்க வந்து திரையை எட்டிப்பார்த்துவிட்டுப் போனவர்கள். அவர்களில் யார் போயிருந்தாலும் என் மகள் அதே சிரிப்போடு சைக்கிளில் ஏறியிருப்பாள். அதை இரண்டு வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறேன், சொல்லச் சொல்ல அந்தப் பயம் தேயவில்லை.

அங்கேயே உட்கார்ந்து கோப்பைத் திருத்தினேன். 'எம்' தட்டினால் இனி அது பெயர் கேட்கும், பிறகு பாஸ்வேர்டு கேட்கும், தட்டுவதைக் காட்டாது. பழைய சொல்லையும் மாற்றினேன். மகள் பக்கத்தில் நின்று சரிபார்த்தாள். "மறுபடி இது செத்துப்போச்சாக்கும்," என்று, மாடிக்குத் திரும்பியிருந்த தலைமை குமாஸ்தா சொல்லிவிட்டு விசைப்பலகையைக் குலுக்கும் சத்தம் கேட்டது. இந்த முறை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் இன்றைக்கும் எழுத்துகளை முணுமுணுத்துக்கொண்டேதான் தட்டுகிறார். எதிர்மேசைக்காரரைத்தான் வேறு மூலைக்கு மாற்றவேண்டியிருந்தது.

வீட்டுக்கு நடந்து போகும்போது மகள் கேட்டாள், "அம்மா, நான் தெற்று செய்தேனா?"

"இல்லே கண்ணே. நீ சரியாத்தான் கேட்டே. நான்தான் சொல்லை வெளியே வச்சுட்டேன்."

நடையை நிறுத்தினாள். "அப்ப ரெண்டு வேணும். ஆபீஸுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. வீட்டுது நான் சொல்றேன். நீ குனி."

குனிந்தேன். சொன்னாள். பழக்கதோஷத்தில் திருப்பிச் சொல்ல வாயெடுத்தேன், சின்னக் கையால் என் வாயைப் பொத்தினாள். அந்தச் சொல்லை இங்கே எழுதப்போவதில்லை.

மறுநாள் காலை படகு ஓடத் தொடங்கியது. கணவர் முதல் படகில் வந்து கதவைத் தட்டினார். நேற்று நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"பாஸ்வேர்டு?"

"பப்படப்பூனை," என்றார் நிதானமாக, இந்த முறை தப்பவில்லை என்ற திருப்தியோடு.

"தெற்று."

"அடியே, அதுதானே சொல்."

"எதுன்னு சொல்லமாட்டேன்."

"பப்படப்பூனைதான். உங்கம்மாவைக் கேளு."

"தெற்று. இன்னும் ஒரு தடவைதான்."

தாழ்ப்பாள்மேல் என் கை இருந்தது. திறக்கவில்லை. இரண்டு நாள் முன்பு என்றால் சிரித்துக்கொண்டே திறந்திருப்பேன். வெளியே நிற்பது இருபதடி தூரத்திலேயே இருமலை வைத்து எனக்குத் தெரிகிற ஆள். ஆனாலும் கை நகரவில்லை. மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா என்ன செய்யப்போகிறாள் என்று பார்க்கிறாள்.

அடுக்களைக் கதவைத் திறந்து பின்பக்கமாக வெளியே போனேன். சந்து சுற்றி வாசலுக்கு வந்தேன். கணவர் என்னைப் பார்த்து என்னவோ கேட்க வந்தார். அவர் காதைப் பிடித்து இழுத்து, சொல்லைச் சொன்னேன். வந்த வழியே திரும்பிப் போய் அடுக்களைக் கதவைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டு மகளுக்குப் பின்னால் வந்து நின்றேன்.

வெளியே செருப்புச் சத்தம் ஜன்னல் பக்கம் நகர்ந்தது. பிறகு அவர் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, மகளின் காதுக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னார்.

"சரி," என்றாள், கதவைத் திறந்தாள்.